டென்ஷன் ஏறினால் சுகர் ஏறுமா?

போன வருடம் அலுவலக மெடிக்கல் செக்கப்புக்காகக் காலையில் வெறும் வயிற்றோடு லேபுக்குப் போய்க்கொண்டிருந்தேன். சிக்னலைத் தாண்டியதும் ஒரு டவுன் பஸ் இடதுபக்கம் அணைத்து வந்து என் ஸ்கூட்டரை ஓரங்கட்டியது. கீழே விழவில்லை. ஆனால் லேப் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டும்போதும் விரல் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. முந்தின இரவு தூக்கமும் சரியில்லை. சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 108. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி.

"எப்பப் பார்த்தாலும் எதையாவது நினைச்சுக் கவலைப்பட்டுக்கிட்டே இருந்தா சுகர் வராம என்ன வரும்?" என்றார் அம்மா. எதிர்வீட்டு மாமா ஓய்வுபெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார். அவர் ஒரே வரியில் அதை அடித்துப்போட்டார். "மனசுக்கும் சர்க்கரைக்கும் என்னப்பா சம்பந்தம்? கவலையில மாவுச்சத்தா இருக்கு? ராத்திரி ரெண்டு தோசையைக் குறை."

இரண்டு பேரும் பாதி சரி. மாமாவின் கேள்வி மட்டும் எனக்குள் நின்றுவிட்டது. கவலையில் மாவுச்சத்து இல்லைதான். அப்படியானால், இரவு முழுக்க எதுவும் சாப்பிடாத ஒருவருக்குக் காலையில் ஒரு பஸ்ஸைப் பார்த்து சர்க்கரை ஏறுகிறது என்றால், அந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்தது? அதற்குப் பதில் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். சர்க்கரை நோய் இல்லாத, ஆரோக்கியமான ஒருவரின் உடம்பில் நடப்பதைப் பற்றித்தான் முக்கியமாகப் பேச்சு.

ஏறுவது வேறு, வருவது வேறு

குழப்பம் உடம்பில் தொடங்குவதற்கு முன்பே நம் பேச்சில் தொடங்கிவிடுகிறது. "அவருக்குச் சுகர் இருக்கு" என்கிறோம். சுகர் எல்லோருக்கும் இருக்கிறது. இல்லாவிட்டால் ஆளே இருக்க மாட்டார். இரத்தத்தில் ஓடும் பொருளுக்கும் சுகர் என்று பெயர், அது கட்டுக்குள் நிற்காமல் போகும் நோய்க்கும் சுகர் என்றே பெயர்.

அதனால் "டென்ஷன்ல சுகர் ஏறும்" என்ற வாக்கியமும் "டென்ஷன்ல சுகர் வரும்" என்ற வாக்கியமும் காதில் ஒன்றுபோலவே விழுகின்றன. முதலாவது, ஒரு பொருளின் அளவு கொஞ்ச நேரம் கூடுவதைப் பற்றியது. இரண்டாவது, ஒரு நோய் பிடிப்பதைப் பற்றியது. ஒரு வினைச்சொல்தான் வித்தியாசம். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி ஏறுவதைப் பற்றி. வருவதைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம்.

'மன அழுத்தம்' என்ற சொல்லிலும் இதே சிக்கல். சிலர் அதை டென்ஷன் என்ற பொருளிலும் சிலர் மனச்சோர்வு நோய் என்ற பொருளிலும் எழுதுகிறார்கள். நான் இங்கே 'நெருக்கடி' என்ற பொதுச்சொல்லை எடுத்துக்கொள்கிறேன். உடம்பு ஆபத்து என்று எடுத்துக்கொள்ளும் எதுவும் நெருக்கடிதான். துரத்தும் நாயும் நெருக்கடி, பரீட்சை ஹாலும் நெருக்கடி, 103 டிகிரி காய்ச்சலும் கால் முறிவும் நெருக்கடி. நாள்முழுக்கப் பட்டினி கிடப்பதும்தான். உடம்பு இவற்றுக்கெல்லாம் தனித்தனி அலாரம் வைத்துக்கொள்ளவில்லை. பெரும்பாலும் ஒரே அலாரத்தைத்தான் அடிக்கிறது.

ஒரு டீஸ்பூன் கணக்கு

இரத்தத்தில் ஓடும் சர்க்கரையின் பெயர் குளுக்கோஸ். அது மொத்தம் எவ்வளவு இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரியவர் ஒருவரின் உடம்பில் சுமார் 5 லிட்டர் இரத்தம், அதாவது 50 டெசிலிட்டர். ரிப்போர்ட்டில் 90 என்று இருந்தால் ஒவ்வொரு டெசிலிட்டரிலும் 90 மில்லிகிராம் என்று அர்த்தம். பெருக்கினால் 4,500 மில்லிகிராம். நாலரை கிராம்தான். காப்பிக்குப் போடும் ஒரு டீஸ்பூன் சீனி. உடம்பு முழுக்க ஓடும் இரத்தத்தில் அவ்வளவுதான் குளுக்கோஸ்.

முதல்முறை இந்தக் கணக்கைப் போட்டபோது எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். ஏனென்றால் மூளை மட்டுமே ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் சாப்பிடும். மணிக்கு 5 கிராம். அந்த டீஸ்பூன் மூளைக்கு ஒரு மணி நேரத்துக்குக்கூடப் போதாது. ஆனாலும் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தவர் காலை ஆறு மணிக்கு எழுந்து சோதித்தால் 90 என்றே காட்டுகிறது. யாரோ ராத்திரி முழுக்க விழித்திருந்து, குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

ஊற்றுவது கல்லீரல். சாப்பாட்டுக்குப் பின் வரும் குளுக்கோஸில் ஒரு பகுதியை அது கோத்துக் கட்டிச் சேமித்து வைக்கிறது. அந்தச் சேமிப்புக்குப் பெயர் கிளைக்கோஜன். கல்லீரலில் ஏறக்குறைய 100 கிராம் இருக்கும். தசைகளிலும் கிளைக்கோஜன் உண்டு, கல்லீரலில் இருப்பதைவிடப் பல மடங்கு. ஆனால் தசை தன் சேமிப்பைத் தானே வைத்துக்கொள்ளும், இரத்தத்துக்குக் குளுக்கோஸாகத் திருப்பித் தராது.

பிரெஞ்சு உடலியக்க அறிஞர் கிளாட் பெர்னார் 1840களின் கடைசியிலேயே இதை மோப்பம் பிடித்துவிட்டார். வெறும் இறைச்சி மட்டுமே கொடுத்து வளர்த்த நாய்களின் கல்லீரலிலிருந்து வெளியேறும் இரத்தத்தில் சர்க்கரை இருப்பதைப் பார்த்தார். மாவுச்சத்தே சாப்பிடாத நாய்க்குச் சர்க்கரை எங்கிருந்து? கல்லீரலே தயாரிக்கிறது என்றார். 1857இல் கிளைக்கோஜனைத் தனியே பிரித்தெடுத்தும் காட்டினார். எதிர்வீட்டு மாமாவின் கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

கல்யாண வீட்டு உக்கிராண அறை

கல்யாண வீடுகளில் உக்கிராண அறை என்று ஒன்று இருக்கும். அரிசி, பருப்பு, எண்ணெய், தேங்காய் எல்லாம் அங்கே. அதன் சாவியை யாராவது ஒரு கண்டிப்பான சித்தப்பா இடுப்பில் செருகியிருப்பார். பந்திக்குத் தேவையானது மட்டும் தேவையான நேரத்தில் வெளியே வரும். மிஞ்சியது திரும்ப உள்ளே போகும்.

கல்லீரல்தான் அந்த உக்கிராண அறை. சாவி இரண்டு ஹார்மோன்களிடம் இருக்கிறது. ஹார்மோன் என்றால் ஒரு சுரப்பி இரத்தத்தில் விடும் செய்தி. தபால்காரர் இல்லாத கடிதம் மாதிரி. யாருக்கு அது எழுதப்பட்டதோ அந்த உறுப்பு மட்டும் படித்துக்கொள்ளும்.

வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையம் இந்த இரண்டையும் சுரக்கிறது. சாப்பிட்டுச் சர்க்கரை கூடும்போது வருவது இன்சுலின். அது உக்கிராண அறையின் கதவைச் சாத்திச் சாமானை உள்ளே அடுக்கச் சொல்லும். கூடவே தசையிடமும் கொழுப்பிடமும் போய் "இலையில் வாங்கிக்கொள்" என்று சொல்லும். சர்க்கரை குறையும்போது வருவது குளுக்ககான். அது கல்லீரலின் கதவைத் திறந்து சாமானை வெளியே எடுக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடியே வேலை செய்வதால் அளவு பெரிதாக ஆடுவதில்லை. ஆரோக்கியமானவருக்கு நாளின் பெரும்பகுதி 70க்கும் 140க்கும் நடுவிலேயே போய்விடும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: இரத்தத்தில் இருப்பது ஒரு டீஸ்பூன். கல்லீரலில் அதைப்போல இருபது மடங்கு கையிருப்பு. இன்சுலின் உள்ளே வைக்கும், குளுக்ககான் வெளியே எடுக்கும். ஆக, சாப்பிடாமலே சர்க்கரை ஏற வேண்டுமானால் யாராவது அந்தக் கையிருப்பில் கைவைத்தால் போதும்.

நாய் துரத்தும்போது

ராத்திரி பத்து மணி. தெருமுனையில் ஒரு நாய் உறுமிக்கொண்டு எழுந்து நிற்கிறது. நீங்கள் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. அதற்குள் மூளையிலிருந்து நரம்பு வழியாக ஒரு கட்டளை இறங்கிவிட்டது. சிறுநீரகங்களின் தலையில் தொப்பி வைத்ததுபோல் ஆளுக்கொன்றாக அட்ரினல் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அதன் உட்பகுதி சில நொடிகளில் அட்ரினலினை இரத்தத்தில் கொட்டும். நெஞ்சு படபடப்பது, உள்ளங்கை வியர்ப்பது, கை நடுங்குவது எல்லாம் இந்த அலாரத்தின் வேலைதான். லேபில் என் விரல் நடுங்கியதும் இதனால்தான்.

சர்க்கரை விஷயத்தில் அட்ரினலின் என்ன செய்கிறது? முதலில் நேராகக் கல்லீரலுக்குப் போய்க் கிளைக்கோஜனை உடைக்கச் சொல்கிறது. கல்யாண வீட்டில் எதிர்பாராமல் சம்பந்தி வீட்டார் இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டால் யாரோ ஒருவர் "கதவைத் தொற, மூட்டையை எடு" என்று கத்துவாரே, அதே சத்தம்.

அடுத்தது இன்னும் சுவாரசியம். அது கணையத்திடம் போய் "இன்சுலினைக் கொஞ்சம் நிறுத்து, குளுக்ககானைக் கூட்டு" என்கிறது. முதல்முறை படிக்கும்போது இது முட்டாள்தனமாகத் தெரியும். சர்க்கரை ஏறும் நேரத்தில் இன்சுலினை ஏன் நிறுத்த வேண்டும்? யோசித்தால் புரியும். இன்சுலின் உடனே வந்தால் எடுத்த மூட்டையெல்லாம் மறுபடி உள்ளே போய்விடும், அல்லது சும்மா இருக்கும் தசைகள் வாங்கிக்கொள்ளும். ஓடுகிற காலுக்கும் யோசிக்கிற மூளைக்கும் மிஞ்சாது. மூளைக்குக் குளுக்கோஸ் எடுக்க இன்சுலினின் அனுமதி தேவையில்லை. வேலை செய்துகொண்டிருக்கும் தசைக்கும் அப்படித்தான், இன்சுலின் சொல்லாமலே வாங்கிக்கொள்ளும். இன்சுலினை நம்பியிருப்பது சும்மா இருக்கும் தசையும் கொழுப்பும். ஆக, இன்சுலினை நிறுத்துவது பஞ்ச காலத்து ரேஷன் மாதிரி. வேலை இருப்பவருக்கு மட்டும் சோறு.

நாய் துரத்தினால் இந்த ஏற்பாடு கச்சிதம். கல்லீரல் கொடுக்கிறது, கால் செலவழிக்கிறது, வரவும் செலவும் சரியாகிவிடுகிறது. ஆனால் துரத்துவது மேனேஜரின் மெயில் என்றால்? கல்லீரலுக்கு மெயிலும் நாயும் ஒன்றுதான். அது கொடுத்துவிடும். நீங்கள் நாற்காலியைவிட்டு எழவே இல்லை. செலவழிக்கக் கால் வரவில்லை. வெளியே வந்த சர்க்கரை கொஞ்ச நேரம் இரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். "டென்ஷனில் சுகர் ஏறும்" என்ற பேச்சின் உண்மையான பகுதி இவ்வளவுதான்.

பூனையும் கால்பந்தும்

இதை முதலில் முறையாகச் சோதித்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்ட்டர் கேனன். 'சண்டையிடு அல்லது ஓடு' என்று நெருக்கடி நேரத்து உடம்பைப் பற்றி இன்றும் சொல்கிறார்களே, அந்தப் பேச்சைத் தொடங்கிவைத்தவர். 1911இல் அவரும் கூட்டாளிகளும் கூண்டிலிருந்த பூனைகள் முன்னால் ஒரு துடுக்கான குட்டி நாயைக் குரைக்கவிட்டார்கள். மிரண்ட பூனைகளின் சிறுநீரில் சர்க்கரை வந்தது. அட்ரினல் சுரப்பிகளை எடுத்துவிட்ட பூனைகளையும் மிரளவைத்தார்கள். அவற்றுக்குச் சர்க்கரை வரவில்லை. பூனைகள் பாவம்தான். ஆனால் சோதனை துல்லியமானது. பயம் மட்டும் போதாது, சுரப்பியும் வேண்டும் என்று அதில் தெரிந்துவிட்டது.

அப்புறம் மனிதர்கள். ஒன்பது மருத்துவ மாணவர்களைப் பரீட்சைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். கடினமான பரீட்சை எழுதி வந்ததும் நான்கு பேரின் சிறுநீரில் சர்க்கரை. எளிய பரீட்சைக்குப் பின் ஒரே ஒருவருக்கு. 1913இல் ஹார்வர்டு கால்பந்து அணியின் பரபரப்பான கடைசி ஆட்டம் முடிந்த உடனே 25 பேரைச் சோதித்தார்கள். 12 பேருக்குச் சர்க்கரை இருந்தது. எனக்குப் பிடித்த விவரம் இதில்தான் இருக்கிறது. அந்த 12 பேரில் ஐந்து பேர் மைதானத்தில் இறங்கவே இல்லை. மாற்று ஆட்டக்காரர்களாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள். கால் ஓடவில்லை, கல்லீரல் மட்டும் ஓடியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. சிறுநீரில் சர்க்கரை தெரிய வேண்டுமானால் பொதுவாக இரத்தத்தில் சுமார் 180ஐத் தாண்ட வேண்டும். அதைப் படித்துவிட்டு "பரீட்சை எழுதினால் 180 ஆகும்" என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். விரல் நுனியில் ஒரு துளி எடுத்து அளக்கும் வசதியெல்லாம் இல்லாத காலத்துச் சோதனை அது. பரபரப்பு எந்தத் திசையில் தள்ளும் என்பதற்கு அது நல்ல சாட்சி. எவ்வளவு தள்ளும் என்பதற்கு அது அளவுகோல் அல்ல.

மூன்று மேசை தாண்டி வரும் ஃபைல்

அட்ரினலின் அவசரக்காரன். நொடிகளில் வரும், இரத்தத்தில் இரண்டு மூன்று நிமிடத்தில் பாதியாகக் கரைந்துவிடும். அதே அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதியிலிருந்து இன்னொரு ஹார்மோன் வருகிறது. பெயர் கார்ட்டிசால். இது நிதானக்காரன்.

காரணம், அதன் உத்தரவு அரசாங்க ஃபைல் மாதிரி மேசை மேசையாக நகர வேண்டும். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற மேசை. அங்கிருந்து அதன் கீழே தொங்கும் பிட்யூட்டரி என்ற மேசை. அங்கிருந்து இரத்தம் வழியாக அட்ரினல். ஒவ்வொன்றும் கையெழுத்துப் போட்டு முடித்து கார்ட்டிசால் உச்சத்துக்கு வர இருபது முப்பது நிமிடம் ஆகும். நாய் போய் வீடு வந்து சேர்ந்து, நடந்ததைக் கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் அது முழுதாக வேலைக்கு வருகிறது. வந்தால் சீக்கிரம் போகாது. பாதியாகக் குறையவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அதன் வேலையும் வேறு மாதிரி. உக்கிராண அறையிலிருந்து எடுத்தாயிற்று, இனி காலியாகாமல் பார்க்க வேண்டும். கார்ட்டிசால் கடைக்கு ஆள் அனுப்புகிறது. தசையின் புரதம் உடைந்து வரும் அமினோ அமிலங்கள், கொழுப்பு உடைந்து வரும் கிளிசரால் எல்லாவற்றையும் கல்லீரலுக்கு அனுப்பி, அவற்றிலிருந்து புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்க வைக்கிறது. இன்னொன்றும் செய்கிறது. தசையும் கொழுப்பும் இன்சுலினின் பேச்சை முன்போல் கேட்காதபடி மந்தமாக்குகிறது. இந்த மந்தத்துக்கு இன்சுலின் எதிர்ப்பு என்று பெயர். கல்யாண வீட்டில் "விருந்தாளி முதல்ல சாப்பிடட்டும், நம்ம ஆளுங்க கடைசிப் பந்தியில உக்காந்துக்கலாம்" என்பார்களே, அதேதான். விருந்தாளி இங்கே மூளை.

கார்ட்டிசால் எப்போதும் நெருக்கடிக்காக மட்டும் வருவதில்லை. தினமும் அதற்கென்று ஒரு ஏற்ற இறக்கம் உண்டு. நடுராத்திரியை ஒட்டி மிகக் குறைவு. விடியும்போது ஏறத் தொடங்கி, கண் விழித்து அரைமணி முக்கால் மணிக்குள் உச்சம். எழுந்து நடமாடத் தேவையான எரிபொருளை உடம்பு அலாரம் அடிக்கும் முன்பே ஏற்பாடு செய்துவைக்கிறது. ஆரோக்கியமானவருக்கு இன்சுலினும் அதற்கேற்ப லேசாகக் கூடிவிடுவதால் ரிப்போர்ட்டில் இது பெரிதாகத் தெரியாது.

கார்ட்டிசாலின் சக்தியை நேரில் பார்க்க வேண்டுமானால் ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவரைக் கேளுங்கள். பிரெட்னிசலோன் போன்ற மாத்திரைகள் கார்ட்டிசாலின் செயற்கை உறவினர்கள். அவற்றைச் சாப்பிடும் நாட்களில் சிலருக்கு, முன்பு நோய் இல்லாவிட்டாலும், சர்க்கரை நன்றாகவே ஏறும். (அதற்காக யாரும் தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். அது இதைவிட ஆபத்து.)

இந்த இடத்தில் மறுபடி ஒரு நிமிடம் நிற்கலாம். அட்ரினலின் இருப்பதை எடுத்துக் கொடுக்கும், நொடிகளில், கொஞ்ச நேரத்துக்கு. கார்ட்டிசால் புதிதாகத் தயாரிக்க வைக்கும், தாமதமாக, அதிக நேரத்துக்கு. இரண்டும் இன்சுலினின் கையைக் கட்டும், ஒன்று அதன் வரத்தை நிறுத்தி, மற்றது அதன் பேச்சை எடுபடாமல் செய்து. ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு அட்ரினலின், குளுக்ககான், கார்ட்டிசால் மூன்றையும் தனித்தனியாகவும் சேர்த்தும் இரத்தக்குழாய் வழியே செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். சேர்த்துக் கொடுத்தபோது சர்க்கரை ஏறிய அளவு, தனித்தனி ஏற்றங்களின் கூட்டுத்தொகையைவிட அதிகம்.

அப்படியானால் ஏன் எல்லோருக்கும் 300 ஆவதில்லை?

ஏனென்றால் பிரேக் இருக்கிறது. ஆரோக்கியமான உடம்பைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் மறந்துவிடும் பாதி இதுதான்.

அட்ரினலின் நிமிடங்களில் கரைந்ததும் கணையத்தின் மேலிருந்த தடை விலகுகிறது. இரத்தத்தில் சர்க்கரை கூடியிருப்பதைக் கணையம் தானாகவே உணரும், யாரும் சொல்ல வேண்டியதில்லை. தேக்கிவைத்த இன்சுலினைக் கொட்டுகிறது. மிஞ்சியது உள்ளே போகிறது. கார்ட்டிசாலுக்கும் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. அதன் அளவு கூடியதும் மேலே இருக்கும் இரண்டு மேசைகளும் அதைப் பார்த்துவிட்டு அடுத்த உத்தரவை நிறுத்திவைக்கும். கார்ட்டிசால் இன்னும் மிச்சமிருந்து தசை மந்தமாக இருந்தாலும், கணையம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிடும்.

ஆகவே சாதாரண டென்ஷனில், ஒரு வாக்குவாதத்திலோ இன்டர்வியூவிலோ, ஆரோக்கியமானவருக்கு ஏறுவது சொற்பம். மதியச் சாப்பாடு ஏற்றுவதைவிடக் குறைவாகவே இருக்கும், தானே இறங்கியும் விடும்.

சர்க்கரை நோய் இருப்பவர் கதை வேறு. அவருக்கு அதே அலாரம், அதே கல்லீரல், ஆனால் பிரேக் தேய்ந்திருக்கிறது. அதே வாக்குவாதம் அவருக்கு அதிகமாகவும் அதிக நேரத்துக்கும் ஏற்றலாம். "நேத்து சண்டை போட்டேன், இன்னைக்கு 260" என்று அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. நாம் செய்யும் தப்பு, அவருடைய அனுபவத்தை எல்லோருக்கும் பொதுவிதியாக்கிப் பேசுவது. எங்கள் வீட்டுப் பேச்சில் பாதி இப்படித்தான் உருவாகியிருக்கிறது.

பசியில் கை நடுங்குவது

இந்த ஹார்மோன்களை வில்லனாக நினைக்க வேண்டாம் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் பசி. விரதம் இருக்கும் நாளில் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு கட்டம் வரும். கை லேசாக நடுங்கும், நெற்றியில் வியர்வை, யாராவது ஏதாவது கேட்டால் எரிந்து விழத் தோன்றும். நாய் பார்த்தபோது வந்த அதே அறிகுறிகள்.

உடம்பு சர்க்கரை குறைவதைப் படிப்படியாக எதிர்கொள்கிறது. 80ஐ ஒட்டி வரும்போதே இன்சுலின் சுருங்கிவிடும். 70க்குக் கீழே போகத் தொடங்கினால் குளுக்ககானும் அட்ரினலினும் களமிறங்கும். அப்போதும் தீரவில்லை என்றால் கார்ட்டிசாலும் சேர்ந்துகொள்ளும். மூளை பட்டினி கிடந்து மயங்கிவிடாமல் காப்பது இவைதான். டென்ஷனில் சர்க்கரை ஏற்றுகிற அதே கைகள்தான் பசியில் நம்மைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்கின்றன. இந்த மீட்பு ஏற்பாடு இல்லாமல் பிறந்திருந்தால் முதல் ஏகாதசியிலேயே கதை முடிந்திருக்கும்.

தூக்கமும் காய்ச்சலும்

டென்ஷன் என்று யாரும் எண்ணாத இரண்டு நெருக்கடிகளைச் சொல்லிவிடுகிறேன். 1999இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 11 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு இரவுகள் வெறும் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்கவிட்டார்கள். ஆறே நாளில், கொடுத்த குளுக்கோஸை அவர்கள் உடம்பு கையாளும் வேகம் குறைந்துவிட்டது, சாயங்காலத்துக் கார்ட்டிசாலும் கூடியிருந்தது. பிறகு தூங்கவிட்டதும் சரியானது. என்னுடைய 108க்குப் பஸ்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். முந்தின இரவின் மொபைலுக்கும் அதில் பங்கு இருந்திருக்கலாம்.

காய்ச்சல், பெரிய அறுவை சிகிச்சை, தீக்காயம், மாரடைப்பு போன்றவை இதைவிடப் பெரிய நெருக்கடிகள். நோய் இல்லாதவருக்கும் ஆஸ்பத்திரிப் படுக்கையில் சர்க்கரை 140ஐத் தாண்டுவது உண்டு, சில சமயம் நன்றாகவே. உறவினர்கள் பதறுவார்கள். அது ஏறியதா, முன்பே வந்திருந்ததா என்று பிரிக்க டாக்டர்கள் கேட்கும் டெஸ்ட்தான் ஹெச்பிஏ1சி, நம் பேச்சில் 'மூணு மாச ஆவரேஜ்'. இரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அந்த நாட்களில் சுற்றியிருந்த சர்க்கரைக்கு ஏற்ப அதன் மேல் சர்க்கரை ஒட்டியிருக்கும். ஒட்டிய அளவைப் பார்த்தால் இரண்டு மூன்று மாதக் கதை தெரிந்துவிடும். ஒரு நாள் கலவரத்தில் இந்த எண் அசையாது.

சரி, வருமா?

டென்ஷனால் நோயே வருமா என்ற கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் இல்லை. கட்டி ஒன்றினால் கார்ட்டிசால் மாதக்கணக்கில் அளவுக்கு மீறிச் சுரக்கும் குஷிங் என்ற அரிய நோயில் பலருக்குச் சர்க்கரை நோயும் வருகிறது. ஆக, அந்தப் பாதை இருப்பது உண்மை. ஆனால் வீட்டுக் கடனும் மாமியார் சண்டையும் கார்ட்டிசாலை அந்த உயரத்துக்குக் கொண்டுபோவதில்லை. நீண்ட கால மன நெருக்கடி உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோய் சற்று அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அதில் பெரும்பகுதி சுற்றுவழி. தூக்கம் கெடுகிறது, நடை நின்றுபோகிறது, ராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டா சாப்பிடத் தோன்றுகிறது, வயிறு பெருக்கிறது. குடும்ப வரலாறும் வயதும் ஏற்கெனவே போட்டுவைத்த பாதையில் டென்ஷன் பின்னாலிருந்து தள்ளிவிடலாம். பாதையைத் தானே போட்டது என்று சொல்வது கஷ்டம்.

எண்களைப் படிக்க இதுவே போதும். வெறும் வயிற்றில் 100க்குக் கீழே சகஜம். 100 முதல் 125 வரை எல்லைக்கோட்டில் நிற்பது. 126ம் அதற்கு மேலும் நோயின் எல்லை. ஹெச்பிஏ1சியில் 5.7க்குக் கீழே சகஜம், 6.5ம் அதற்கு மேலும் நோயின் எல்லை. அறிகுறி எதுவும் இல்லாதபோது ஒரே ஒரு டெஸ்ட்டை வைத்து நோய் என்று முத்திரை குத்துவதில்லை, உறுதிசெய்ய இன்னொன்று வேண்டும். வீட்டு மீட்டரை நம்பிக் கலங்குபவர்களுக்கு ஒன்று. அந்த மீட்டர்களுக்கான சர்வதேசத் தரத்திலேயே 15 சதவீதம் வரை முன்பின் காட்ட அனுமதி உண்டு. உண்மையில் 100 இருந்தால் அது 88 என்றும் சொல்லலாம், 113 என்றும் சொல்லலாம். இரண்டு ஸ்ட்ரிப்பை அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்து "ஏறிடுச்சு, இறங்கிடுச்சு" என்று வீட்டைக் கலக்குவதில் பொருளில்லை.

நான் இரண்டு வாரம் கழித்து, ஒழுங்காகத் தூங்கி எழுந்து, நடந்தே போய், லேபில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு இரத்தம் கொடுத்தேன். 93. ஹெச்பிஏ1சி 5.4. பஸ்தான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அன்று ஏறியது, வந்தது அல்ல.

பெரியப்பாவின் கதை இதற்கு நேர் எதிர். முதல் ரிப்போர்ட்டில் 168 வந்தபோது மகள் கல்யாண டென்ஷன் என்றார். அடுத்த வருடம் 190, அது வீட்டு லோன். அதற்கடுத்து 214, அது எலெக்ஷன் வேலை. ஒவ்வொரு வருடமும் அவருக்குப் பொருத்தமாக ஒரு டென்ஷன் கிடைத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அண்ணன் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனான். ஹெச்பிஏ1சி 8.6. அப்போதும் பெரியப்பா, "டெஸ்ட்டுக்கு வர்ற வழியில ஒரு நாய் துரத்திடுச்சு டாக்டர்" என்று தொடங்கினாராம். டாக்டர் ரிப்போர்ட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாராம்: "மூணு மாசமா தினமுமா சார் துரத்துச்சு?"